கெடாத ரொட்டியின் கணக்கு: பாரிஸ் புவாலான் பேக்கரியின் மூன்று தலைமுறை

பாரிஸ் 6ஆம் வட்டாரம், ஷெர்ஷ்-மிடி தெரு, 8ஆம் எண். மேலே கடை, கீழே நிலவறை, நிலவறையில் விறகு அடுப்பு. யாழ்ப்பாணத்தார் போறணை என்று சொல்வார்களே, அந்த இனம்தான். 1932இல் பியேர் புவாலான் திறந்த இந்தக் கடையின் முதன்மைச் சரக்கு அன்றும் இன்றும் ஒன்றுதான்: 1.9 கிலோ எடையுள்ள வட்ட ரொட்டி. பிரெஞ்சில் இதை மிஷ் என்பார்கள். குறுக்கே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இருக்கும். மேல் ஓட்டில் பிளேடால் இழுத்த ‘பி’ எழுத்து. உள்ளே போவது கல் எந்திரத்தில் அரைத்த கோதுமை மாவு, தண்ணீர், கெராந்துக் கடலுப்பு, புளித்த மாவு. வேறெதுவும் இல்லை.

பாரிஸ் பேக்கரி என்றதும் நினைவுக்கு வரும் நீளமான பகேத் இங்கே கிடையாது.

மூன்று தலைமுறை தாண்டிய பேக்கரி என்றால் ‘பாரம்பரியச் சுவை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவது வழக்கம். ஆனால் நல்ல சுவையோடு ரொட்டி சுட்ட எத்தனையோ குடும்பங்கள் இரண்டாம் தலைமுறையிலேயே கடையைப் பூட்டியிருக்கின்றன. புவாலான் குடும்பத்தின் வரலாற்றைத் தொழில்கணக்காகப் படித்தால் வேறொன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. இந்த ரொட்டி ஒரு வாரம் தாங்கும். பகேத்தோ காலையில் வாங்கினால் மாலைக்குள் விறைத்துவிடும். குடும்பம் எடுத்த பெரிய முடிவுகள் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தின் முதுகில் ஏறித்தான் போயிருக்கின்றன.

காலத்துக்கு ஒவ்வாத சரக்கு

பியேர் நோர்மாந்திப் பகுதியிலிருந்து வந்தவர். அவர் கடை திறந்தபோது நகரத்து நாகரிகம் வெள்ளை ரொட்டி. பழுப்பு நிறப் பெரிய மிஷ் பட்டிக்காட்டுச் சாப்பாடு. போர் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. 1940இல் தொடங்கிய ரொட்டிப் பங்கீடு 1949 வரை நீடித்தது. தவிடும் கண்ட தானியமும் கலந்த சாம்பல் நிற ரொட்டியைத் தின்று அலுத்த தலைமுறைக்குப் பழுப்பு ரொட்டி என்றாலே பஞ்சத்தின் நினைவு. பங்கீடு முடிந்ததும் எல்லோரும் வெள்ளைக்குப் பாய்ந்தார்கள்.

அந்தப் பாய்ச்சலுக்குத் தொழில்நுட்பமும் தோதாக வந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து பிரெஞ்சு பேக்கரிகளில் வேகப் பிசைவு பரவியது. மாவை வேகமாக, நெடுநேரம் அடித்தால் அதில் காற்று ஏறும். சிறிதளவு மொச்சை வகை மாவும் சேர்த்தால் அதிலுள்ள நொதியும் காற்றும் சேர்ந்து கோதுமையின் மஞ்சள் நிறமிகளை அழித்துவிடும். ரொட்டி பஞ்சுபோல் வெளுத்து உப்பும். மாவை முதலில் ஊறவிடும் நேரத்தையும் வெகுவாகக் குறைக்கலாம். போனது மணமும் ஆயுளும். நிறமிகளோடு வாசனையும் போய்விடுகிறது என்பதை ரேமோன் கால்வெல் போன்ற ரொட்டி ஆசிரியர்கள் அப்போதே எச்சரித்தார்கள், வாங்குகிறவர்கள் கேட்கவில்லை.

பியேர் மாறவில்லை. அக்கம்பக்கத்து ஓவியர்கள் காசில்லாமல் வரும்போது ரொட்டிக்குப் பதில் படம் வாங்கிக்கொண்டார். அப்படிச் சேர்ந்த ரொட்டி ஓவியங்கள் கடையின் பின்னறைச் சுவரை நிரப்பின. இதைப் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் அன்றே விற்றாக வேண்டிய சரக்கு வைத்திருப்பவருக்குக் கடன் கொடுப்பதும் பண்டமாற்றும் கழுத்தை நெரிக்கும். ஒரு வாரம் தாங்கும் சரக்கு வைத்திருந்தவருக்கு அந்த அவசரம் இல்லை.

ஏன் தாங்குகிறது?

மூன்று காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. முதலாவது புளிப்பு. புளிமாவில் லாக்டிக், அசெட்டிக் அமிலங்கள் ஊறுகின்றன. அசெட்டிக் அமிலம் பூஞ்சணத்தைத் தள்ளிப்போடும். அமிலத்தன்மை மொத்தத்தில் ரொட்டி விறைப்பதையும் மெதுவாக்கும். 1993 செப்டம்பரில் வந்த பிரெஞ்சு அரசாணைப்படி ‘பான் ஓ லெவான்’, அதாவது புளிமாவு ரொட்டி, என்ற பெயரில் விற்க வேண்டுமானால் ரொட்டிச் சதையின் பிஎச் அளவு 4.3ஐத் தாண்டக்கூடாது, அசெட்டிக் அமிலம் ஒரு கிலோவுக்கு 900 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதே ஆணை, கடைசிப் பிசைவில் மாவின் எடையில் 0.2 விழுக்காடு வரை ஈஸ்ட் சேர்க்கவும் இடம் கொடுக்கிறது என்பது பலர் கவனிக்காத சங்கதி.

இரண்டாவது மாவு. கல்லில் அரைத்துப் பெருந்தவிட்டை மட்டும் சலித்த, பிரெஞ்சுத் தரவரிசையில் டி-80ஐ ஒட்டிய மாவு நீரை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஒரு விலை உண்டு. முளைப்பகுதியின் எண்ணெய் மாவிலேயே கலந்துவிடுவதால் நெடுநாள் வைத்தால் கசப்புத் தட்டும். வெள்ளை மாவைப்போல மாதக்கணக்கில் அடுக்கி வைக்க முடியாது.

மூன்றாவது உருவம். பெரிய உருண்டைக்கு உடலோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு. ஈரம் வெளியேற வழி குறைவு. பகேத்துக்கு நேர் எதிர்.

மிஷ் ஒன்றின் அளவுகள்

கீழே வருவது கடையின் உள்கணக்கு அல்ல; இந்த இனத்து ரொட்டிக்குப் பொருந்தும் பொதுக் கணக்கு. சுடும்போது ஈரம் போய் எடை 13 முதல் 15 விழுக்காடு குறையும். ஆகவே 1.9 கிலோ ரொட்டிக்கு 2.2 கிலோ பிசைந்த மாவு வேண்டும்.

முந்தைய இரவு: முதிர்ந்த புளிமாவு 50 கிராம், மாவு 220 கிராம், தண்ணீர் 130 கிராம். கெட்டியாகப் பிசைந்து 24 டிகிரியில் 8 முதல் 10 மணி நேரம். 30 டிகிரி தாண்டும் ஊர்களில் 5, 6 மணி நேரத்திலேயே முதிர்ந்துவிடும். இது 400 கிராம் உறை.

காலையில்: மாவு 1,030 கிராம், தண்ணீர் 745 கிராம், உப்பு 25 கிராம், மேற்சொன்ன உறை 400 கிராம். தண்ணீரில் 700ஐ மட்டும் முதலில் ஊற்றி மாவோடு கலந்து அரைமணி நேரம் விட்டுவிட வேண்டும். பிறகு உறையும் உப்பும் சேர்த்து மெதுவான வேகத்தில் 8 முதல் 10 நிமிடம் பிசைவது. மாவு கேட்டால் மீதித் தண்ணீர். பிசைந்து முடியும்போது மாவின் சூடு 25 டிகிரி இருந்தால் மற்ற நேரங்கள் கணக்குப்படி ஓடும். இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஊறல்; நடுவில் ஒருமுறை மடித்துப் போடுவது. உருட்டி, லினன் துணி விரித்து மாவு தூவிய பிரம்புக்கூடையில் கவிழ்த்து, இன்னொரு இரண்டு, இரண்டரை மணி நேரம். சுடுவது ஒரு மணி நேரம். எல்லாம் கூட்டினால் ஆறு மணி நேரத்தை ஒட்டி வரும். புவாலானில் ஒரு ரொட்டிக்கு ஆகும் நேரமும் அதே அளவுதான்.

உறை விஷயம் தமிழ்ச் சமையலறைக்குப் புதிதல்ல. நேற்றுத் தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு ஊற்றுகிறோமே, அதே கணக்கு. புவாலானிலும் ஒரு தடவை பிசைந்த மாவிலிருந்து ஒரு பகுதியை எடுத்துவைத்து அடுத்த தடவைக்கு உறையாகப் போடுகிறார்கள். 1932இன் உறை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சொல்வதில் கவர்ச்சி அதிகம், பயன் குறைவு. நுண்ணுயிர்க் கூட்டம் மாவையும் இடத்தையும் சூட்டையும் ஒட்டி மாறிக்கொண்டே இருக்கும். தொடர்ச்சி இருப்பது உறை போடும் நேர ஒழுங்கில்.

அந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தத் தொழிலின் பாதிப் படிப்பு. உறை அளவுக்கு மீறிப் புளித்தால் அமிலமும் புரத நொதிகளும் மாவின் பசையை அறுத்துவிடும். பிசையும்போது நன்றாக இருந்த மாவு கூடையிலிருந்து அடுப்புத் தரைக்கு வந்ததும் தோசைபோல் பரவும். ஓடு வெளிறிப்போகும், ஏனென்றால் நிறம் தரவேண்டிய சர்க்கரையை நுண்ணுயிர்கள் ஏற்கெனவே தின்றுவிட்டன. இதைக் கண்டதும் புதியவர்கள் அடுப்புச் சூட்டைக் கூட்டுவார்கள். ஓடு கருகும், வெளிறல் தீராது. ஊறல் குறைந்தால் எதிர்மாறு: கீறலை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வெடிக்கும், சதையில் ஒருபுறம் குகை, மறுபுறம் களி. ‘பி’ கீறலும் அலங்காரம் மட்டுமல்ல, நீராவி எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று காட்டும் தடம்.

கல் எந்திர மாவில் இன்னொரு வில்லங்கம். நம் ஊர் மாவு மில் கோதுமை மாவைப் போல, அழுத்தி அரைத்ததில் மாவுச்சத்து மணிகள் உடைந்திருந்தால் முதலில் தண்ணீரைக் குடித்துக் கெட்டியாகத் தெரியும். ஊறும்போது அதையே திருப்பிக் கக்கிப் பிசுபிசுக்கும். மில்லில் கல்லின் இடைவெளி மாறினால் பேக்கரியில் தண்ணீர்க் கணக்கும் மாற வேண்டும்.

வெந்த ரொட்டியின் நடுச்சூடு 97, 98 டிகிரி. எடுத்தவுடன் அறுத்தால் கத்தியில் பிசின்போல் ஒட்டும். இந்த அளவு ரொட்டிக்கு அரைநாள் ஆறல் வேண்டும். மறுநாள்தான் அதன் உண்மையான சுவை. வைக்கும் இடம் துணியோ காகிதமோ சுற்றி அறைச் சூட்டில். குளிர்சாதனப் பெட்டி கூடவே கூடாது: மாவுச்சத்து மறுபடி இறுகுவது உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள அந்தச் சூட்டில்தான் மிக வேகமாக நடக்கும்.

அடுப்பு

பாரிஸ் வகை விறகு அடுப்பில் நெருப்பு ரொட்டி வேகும் அறைக்குள் எரியாது. கீழே தனி நெருப்பறை. அதன் மேல்துளையில் கேலார் என்ற வார்ப்பிரும்பு வாயைப் பொருத்தி, சுவாலையை அடுப்பின் இடம், வலம், கோடி என்று திருப்பிவிடுவார்கள். ஒரு பக்கமே நெடுநேரம் திருப்பினால் அங்கே போடும் ரொட்டிக்கு அடி கருகும். எல்லாப் பக்கமும் காய்ந்ததும் கேலாரை எடுத்துத் துளையை மூடிச் சூடு பரவிச் சமனாகும் வரை காத்திருப்பது. சூட்டளவி இல்லாத காலத்தில் காகிதத் துண்டையோ ஒரு பிடி மாவையோ அடுப்புக்குள் போட்டுப் பார்ப்பார்கள். பொன்னிறமானால் சரி, உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

பெரிய ரொட்டிக்கு இறங்குமுகச் சூடு தேவை. 250 டிகிரியில் தொடங்கி 210இல் முடிந்தால் ஓடு தடித்து நடுவும் வேகும். விறகு அடுப்பு இயல்பாகவே அப்படித்தான் ஆறுகிறது. மின் அடுப்பில் இதைக் கையால் செய்துகொள்ள வேண்டும்.

லியோனெல்: ஒரு அடுப்பை 24 ஆக்கியது

பியேரின் மகன் லியோனெல் 1945இல் பிறந்தவர். 14 வயதில் நிலவறைக்கு அனுப்பப்பட்டார். விரும்பிப் போகவில்லை, 1970களில் பொறுப்பு கைக்கு வந்தபோது அந்த அறையை உலகத்தோடு இணைக்க வழி தேடினார். ஓவியர் சால்வதோர் டாலிக்காக ரொட்டி மாவில் மரச்சாமான்கள் செய்து கொடுத்ததும் அந்தத் தேடலில் சேர்ந்ததே. செய்தித்தாள்களில் கடையின் பெயர் வந்தது. அதைவிடப் பெரிய வேலை, நாட்டின் வட்டார ரொட்டிகளைத் தேடிப் பதிவுசெய்தது.

தேவை பெருகியபோது வழக்கமான பாதை ஒன்று இருந்தது: ஒரு முனையில் மாவு நுழைந்து மறுமுனையில் ரொட்டி வரும் சுரங்க அடுப்பு. லியோனெல் அதை எடுக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் பாரிஸுக்குத் தென்மேற்கே பியேவ்ர் என்ற ஊரில் வட்ட வடிவக் கட்டடம் ஒன்றைக் கட்டினார். சுற்றிவர 24 விறகு அடுப்புகள், ஒவ்வொன்றும் ஷெர்ஷ்-மிடி நிலவறை அடுப்பின் பிரதி. நடுவில் விறகுக் குவியல். ஒரு அடுப்புக்கு ஒரு பேக்கர். பிசைவதிலிருந்து தீ மூட்டி வெளியே எடுப்பது வரை அவரே. இயந்திரத்துக்கு விட்டது முதன்மையாகப் பிசைவை மட்டும். பழையதில் சிறந்ததையும் புதியதில் சிறந்ததையும் சேர்ப்பது என்று சொல்லி இதற்கு ‘ரெட்ரோ-இன்னோவேஷன்’ என்று பெயரும் வைத்தார்.

இது பழமைப் பற்று மட்டுமாக இருந்தால் கணக்கில் தோற்றிருக்கும். புளிமாவு தினமும் ஒரே மாதிரி நடக்காது. சுரங்க அடுப்பின் பட்டை நிற்காமல் ஓடுவதால் மாவு அதன் நேரத்துக்கு வந்தாக வேண்டும். வரவைக்க ஈஸ்ட்டும் சேர்மானங்களும் தேவைப்படும். தனி அடுப்பில் பேக்கர் மாவைப் பார்த்து இருபது நிமிடம் தள்ளிப்போடலாம். ஒரு அடுப்பு பழுதானாலும் இழப்பு 24இல் ஒரு பங்குதான். மறுபக்கம், ஆள் செலவில் எந்தச் சிக்கனமும் இல்லை: உற்பத்தி இரட்டித்தால் கூலியும் இரட்டிக்கும். மிச்சம் வருவது மாவு, உப்பு, விறகு கொள்முதலிலும் போக்குவரத்திலும் மட்டும். இதற்கும் அடியில் இருக்கும் நிபந்தனை ரொட்டியின் ஆயுள். சில மணி நேரத்தில் விறைக்கும் பகேத்தை ஊருக்கு வெளியே சுட்டு நகரமெங்கும் அனுப்பினால் பாதி மதிப்பு வழியிலேயே போய்விடும். மிஷ் பயணத்தில் கெடுவதில்லை. விமானத்தில் அமெரிக்காவுக்கே போயிற்று. முழு ரொட்டி ஒரு சிறு குடும்பத்துக்கு மிஞ்சும் என்பதால் அரை, கால் என்று வெட்டி நிறுத்தும் விற்றார்கள்; தனியாக வாழ்வோர் நிறைந்த பாரிஸில் இந்தச் சின்ன ஏற்பாடு பெரிய வேலை செய்தது.

2000இல் லண்டன் எலிசபெத் தெருவில் ஒரு கிளை திறந்தது. அங்கேயும் விறகு அடுப்பு.

பெயர் யாருக்கு?

லியோனெலின் சகோதரர் மாக்ஸும் பேக்கர். அவர் 15ஆம் வட்டாரத்தில் தனிக்கடை போட்டுத் தந்தையின் பாணியிலேயே ரொட்டி சுட்டார். ஒரே குடும்பம், ஒரே மாதிரி ரொட்டி, இரண்டு கடை. உணவகப் பட்டியல்களில் ‘புவாலான் ரொட்டியில்’ என்று அச்சடிக்கும் அளவுக்குப் பெயர் பொருளாகிவிட்ட காலம் அது. வழக்கு நீதிமன்றம் போனது. முன்பெயர் இல்லாத ‘புவாலான்’ லியோனெல் பக்கம் நின்றது. மற்றவர் ‘மாக்ஸ் புவாலான்’ என்று முழுப் பெயரில் விற்றார். குடும்பத் தொழில்களில் கைப்பக்குவத்தை எத்தனை பிள்ளைகளுக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம், பெயர்ப்பலகையைப் பிரிக்க முடியாது. தந்தை இருக்கும்போதே பெயர் உரிமையை எழுத்தில் தீர்த்திருந்தால் இந்தச் செலவு மிஞ்சியிருக்கும்.

2002 அக்டோபர் 31

லியோனெல் தானே ஓட்டிய ஹெலிகாப்டர் பிரித்தானி கடற்கரையில் கான்கால் ஊருக்கு அருகே கடலில் விழுந்தது. அவரும் மனைவி இரெனாவும் இறந்தார்கள். மூத்த மகள் அப்போலோனியாவுக்கு வயது 18. உடனே பொறுப்பை ஏற்றார்.

இதைத் துணிச்சலின் கதையாக மட்டும் சொல்வது ஆய்வுக்கு உதவாது. அடுத்த நாள் அடுப்புகள் ஏன் எரிந்தன என்பதே கேள்வி. ஒருவர் தலையில் மட்டும் இருந்த வித்தை என்று ஒன்று அங்கே இல்லை. புதிதாகச் சேர்பவர் மாதக்கணக்கில் பயிற்சி பெற்ற பிறகே தனி அடுப்பை ஏற்கிறார். பிறகு முழு ரொட்டிக்கும் அவரே பொறுப்பு. ஆக, 24 அடுப்பு என்றால் முழுத் தொழிலும் தெரிந்தவர்கள் குறைந்தது 24 பேர். வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்த ஆலையில் முதலாளி போனால் முழுமையும் தெரிந்த ஆள் யாரும் மிஞ்சமாட்டார். மகளும் வெறுங்கையோடு வரவில்லை. பதின்ம வயதிலேயே பேக்கர்களோடு நின்று பயின்றிருந்தார்.

அடுத்த ஆண்டு அவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பொருளியல் படித்தார், 2007இல் முடித்தார். அந்த ஆண்டுகளில் நிர்வாகம் தொலைபேசியிலும் விடுமுறைப் பயணங்களிலும் நடந்தது. பாரிஸிலிருந்து அவருக்கு ரொட்டி தவறாமல் அனுப்பப்பட்டது. சாப்பிடவும், சோதிக்கவும். ஓட்டின் நிறம், வெட்டுமுகத்தின் கண்கள், புளிப்பு ஆகியவற்றை அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து எடைபோட முடிந்தது. விறைத்துப்போகும் ரொட்டியில் இந்த மேற்பார்வை சாத்தியமில்லை.

அவர் காலத்தில் மக்காச்சோள மாவில் கோதுமை இல்லாத ரொட்டி ஒன்று வந்தது. மிஷ்ஷின் கணக்கில் கை வைக்கவில்லை. நகரின் பேக்கர் தொழிலோ இதற்குள் வெகுவாக மாறியிருந்தது: 2023இல் பாரிஸின் சிறந்த பகேத் பரிசை இலங்கையிலிருந்து வந்த தர்ஷன் செல்வராஜா வென்றார். புவாலான் அந்தப் போட்டிக்கே வருவதில்லை, சரக்கே வேறு.

மிஷ்ஷுக்கு அடுத்து அதிகம் தெரிந்த சரக்கு ‘ப்யூனிசியோன்’ என்ற சிறு வெண்ணெய் பிஸ்கட். சொல்லுக்குத் தண்டனை என்று பொருள். தண்டனைக்கு வாருங்கள் என்று பேரப்பிள்ளைகளை அழைத்துக் கைநிறைய பிஸ்கட் நீட்டிய பாட்டியிடமிருந்து வந்த பெயர். வீட்டு அளவு எளியது: வெண்ணெய் 140 கிராம், சர்க்கரை 125 கிராம், ஒரு முட்டை, மைதா 280 கிராம். வெண்ணெயும் சர்க்கரையும் குழைந்தபின் முட்டை, கடைசியில் மாவு. சேர்ந்து வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து பிசைந்தால் பசை இழுத்து, பிஸ்கட் பொருபொருப்புக்குப் பதில் கடிக்கக் கடினமாகும். நான்கு மணி நேரம் குளிரவிட்டு, அரை சென்டிமீட்டர் தடிமனில் விரித்து வெட்டி, 175 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம். விளிம்பில் நிறம் தொட்டதும் எடுத்துவிடலாம். நடு வெளிறியே இருக்கட்டும். காற்றுப் புகாத டப்பாவில் நாள்கணக்கில் தாங்கும்.